புளியங்குடி என்று சொல்லிப் பாருங்கள்

காலையில் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. மலையடிவாரத் தோப்புகளிலிருந்து வந்த மூட்டைகளைப் பிரித்துக் கொட்டியதும் எழும் வாசம் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். பிறகு காது விழித்துக்கொள்ளும். குவியலுக்குக் குவியல் ஏலக் குரல். சென்ற முறை போயிருந்தபோது நான் பழத்தைப் பார்க்கவில்லை. ஏலம் கூறியவரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விலை ஏற ஏறக் குரல் ஏறியது. குரல் ஏற ஏறக் கழுத்தின் நடுவில் துருத்தி நின்ற சங்கும் மெல்ல மேலே போனது. நடுவில் தொண்டை வறண்டு, பக்கத்திலிருந்த செம்பைத் தூக்கி ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். அந்த நொடியில் குரலும் நின்றது, மூச்சும் நின்றது. சங்கு விருட்டென்று தாடைக்கடியில் ஏறி இறங்கியது. அடுத்த நொடி விட்ட இடத்திலிருந்து விலை தொடர்ந்தது.

அந்த இடத்திலேயே, என் கழுத்தில் இரண்டு விரலை வைத்து ஊர்ப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள்: புளியங்குடி. உதடு மூடித் திறக்கும் ‘ப’கர ஒற்றில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து உகரம் தொடங்கியதும் வண்டு சிக்கியது போல ஓர் அதிர்வு விரலில் தட்டும். ‘ளி’, ‘ய’, ‘ங்’ என்று அது தொடரும். ‘கு’ வரும்போதும் நிற்காது. இப்போது ‘குடி’ என்று மட்டும் தனியே சொல்லுங்கள். அதே ‘கு’, ஆனால் தொடக்கத்தில் அதிர்வு இல்லை. நாக்கு இரண்டு முறையும் ஒரே இடத்தைத்தான் தொட்டது. எழுதும்போதும் ஒரே எழுத்துத்தான். வேறுபாடு முழுவதும் விரலுக்கு அடியில், குரல்வளைக்குள் நடந்தது. பக்கத்து ஊரிலும் இதே கதை. சங்கரன்கோவில் என்று எழுதி, சங்கரங்கோயில் என்று சொல்கிறோம். ‘கோயில்’ தனியே நிற்கும்போது இல்லாத அதிர்வு, ஊர்ப் பெயருக்குள் புகுந்ததும் வந்துவிடுகிறது.

எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று நூற்பா வகுத்துச் சொன்ன மொழி நம்முடையது. அந்த இலக்கணத்துக்கு இந்த அதிர்வு தெரியுமா? மேடைகளில் இரண்டு விடைகள் கேட்கின்றன. தொல்காப்பியர் அன்றே குரல்வளையின் அறிவியலைச் சொல்லி முடித்துவிட்டார் என்பது ஒன்று. இலக்கணக்காரர்களுக்கு உடற்கூறு தெரியாது, பிறப்பியல் தேர்வுக்கு உருப்போடும் பகுதி, அவ்வளவே என்பது மற்றொன்று. இரண்டும் நூலைத் திறந்து பார்க்காமல் சொல்லப்படுபவை என்பது என் எண்ணம். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் தராசைச் சரிபார்த்துக்கொள்வோம். பேச்சொலிக்கு மூன்று கேள்வி உண்டு. ஒலிக்கு வேண்டிய விசை எங்கிருந்து வருகிறது? ஒலி எங்கே பிறக்கிறது? பிறந்த ஒலி எங்கே எழுத்தாக வடிவம் பெறுகிறது? இன்றைய மருத்துவமும் ஒலியியலும் மூன்றுக்கும் தெளிவான விடை வைத்திருக்கின்றன: விசை நுரையீரலில், பிறப்பு குரல்வளையில், வடிவம் தொண்டைக்குழி முதல் உதடு, மூக்கு வரை.

நடுவில் நிற்கும் குரல்வளையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மூச்சுக்குழலின் தலையில் உட்கார்ந்திருக்கும் குருத்தெலும்புக் கூடு அது. மொத்தம் ஒன்பது குருத்தெலும்புகள்: தனித்தவை மூன்று, இணையாக இருப்பவை மூன்று சோடி. முன்பக்கம் கேடயம் போல விரிந்திருப்பதன் முனையைத்தான் நாம் சங்கு என்கிறோம். ஆண்களுக்கு அதன் இரு தகடுகளும் ஏறத்தாழ செங்கோணத்தில் கூடுவதால் துருத்துகிறது. பெண்களுக்குக் கோணம் விரிந்திருப்பதால் துருத்துவதில்லை. அதற்குக் கீழே முத்திரை மோதிரம் போன்ற ஒரு முழு வளையம். அந்த வளையத்தின் பின்பக்க மேட்டில், கூம்பு போன்ற இரண்டு சிறு குருத்தெலும்புகள் சுழலவும் சறுக்கவும் முடியும்படி உட்கார்ந்திருக்கின்றன. அந்த இரண்டிலிருந்தும் முன்னே சங்கின் உட்புறம் வரை நீள்கின்றன குரல் மடிப்புகள். ஆண்களுக்கு ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர். பெண்களுக்கு 12 முதல் 17. ஒரு எலுமிச்சை விதையைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஒரு மனிதன் வாழ்நாளில் பேசுவது, பாடுவது, ஏலம் கூறுவது, ஒப்பாரி வைப்பது எல்லாம் இந்த இரண்டு சிறு சதை விளிம்புகளைக் கடந்துதான்.

மூச்சு இழுக்கும்போது மடிப்புகள் விலகி, முக்கோணமாக ஒரு வழி திறக்கிறது. அப்படி விலக்குவதற்கு உள்ள தசை ஒரே ஒரு சோடி. நெருக்குவதற்கோ பல தசைகள். பேசத் தொடங்கும்போது மடிப்புகள் நெருங்கி நிற்கின்றன; கீழிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது; திறந்ததும் அழுத்தம் தணிய, தசையின் மீள்விசை மறுபடி மூடுகிறது. ஆணின் சாதாரணப் பேச்சில் இது நொடிக்கு 120 முறை அளவில் நடக்கும், பெண்ணுக்கு 200 அளவில். ஏலக்காரர் ஒரு மணி நேரம் 120 வீதம் குரல் எழுப்பினாலே 4,32,000 முறை அந்த விளிம்புகள் மோதியிருக்கும். உரத்துக் கூவும்போது கணக்கு இன்னும் கூடும். ஓயாமல் கத்துகிறவர்களின் மடிப்பில் காய்ப்பு விழுவது இதனால்தான்.

இந்த அறிவு உலகுக்கு ஒரே நாளில் வந்ததல்ல. கத்தும் பன்றியின் கழுத்தில் ஒரு நரம்பைத் துண்டித்ததும் குரல் அடங்கியதை இரண்டாம் நூற்றாண்டிலேயே கேலன் காட்டினார். 1741-இல் பாரிஸில் ஃபெரேன், இறந்தவர்களின் குரல்வளையில் காற்றை ஊதி ஒலி எழுப்பினார். மடிப்புகளை வயலின் தந்தியோடு ஒப்பிட்டு ‘நாண்’ என்று பெயரிட்டார். 1854-இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவரின் கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் தொண்டைக்குள் தன் மடிப்புகள் அசைவதைத் தானே பார்த்தார். காற்றின் விசையும் தசையின் மீள்விசையும் சேர்ந்தே அதிர்வு உண்டாகிறது என்ற விளக்கத்தை வான் டென் பெர்க் 1958-இல் நிலைநாட்டினார். குரல் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு முழு விடை நம் பெற்றோர் காலத்தில்தான் கிடைத்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பழைய நூலை நிறுக்க வேண்டும்.

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயல் பிறப்பியல். நம் கைக்கு வந்து சேர்ந்த தமிழ் இலக்கண நூல்களில் மூத்தது தொல்காப்பியம். பிறப்பியலின் முதல் நூற்பா, உந்தியிலிருந்து புறப்படும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்றிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு கூடி, எட்டு நிலையில் வெவ்வேறு எழுத்தாகிறது என்று சொல்கிறது. எழுத்துக்கு எழுத்து இந்த உறுப்புகள் எப்படிப் பொருந்துகின்றன என்பதே அடுத்துவரும் நூற்பாக்கள்.

முதல் கேள்வி, விசை. காற்றே ஒலியின் முதல் என்று தொல்காப்பியர் தொடங்குவது முற்றும் சரி. ஆனால் காற்று உந்தியில் இல்லை. உதரவிதானத்துக்குக் கீழே மூச்சுக் காற்று இறங்குவதில்லை. அப்படியானால் உந்தி தவறா? ஏலம் கூறுபவரின் வயிற்றைப் பாருங்கள். ஒவ்வொரு கூவலுக்கும் அது உள்ளே ஒட்டுகிறது. உரத்த பேச்சுக்கு வேண்டிய அழுத்தத்தைத் தருவதில் அடிவயிற்றுத் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. அடிவயிற்றிலிருந்து பாடு என்று பாட்டு வாத்தியார் சொல்வதும் அதைத்தான். காற்றின் இருப்பிடமாக உந்தியைப் படித்தால் பிழை, விசையின் தோற்றுவாயாகப் படித்தால் சரி. முதல் கேள்வியில் தொல்காப்பியருக்குப் பெரும்பாலும் வெற்றி.

மூன்றாம் கேள்வியை முன்னே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவருடைய மேதைமை அங்கேதான் இருக்கிறது. ‘க’, ‘ங’ நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் சேரப் பிறக்கும். ‘ச’, ‘ஞ’ நாவின் இடையும் அண்ணத்தின் இடையும். ‘ட’, ‘ண’ இரண்டின் நுனியும். வாயின் பின்னிருந்து முன்னோக்கி, படி இறங்குவது போல ஒரு வரிசை. ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நாவின் நுனி மேலே எழுந்து அண்ணத்தை வருட வேண்டும். லகரத்துக்கும் ளகரத்துக்கும் நாவின் விளிம்பு தடித்துப் பல்லின் அடியை அடுக்க, ஒன்றுக்கு அண்ணத்தை ஒற்ற வேண்டும், மற்றதற்கு வருட வேண்டும். ஒற்றுதல், வருடுதல் என்ற இரண்டு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கருவி வைத்துப் படம் பிடித்துக் காட்டும் வேறுபாட்டை அவர் பிரித்துவிட்டார். மெல்லெழுத்து ஆறும் வல்லெழுத்துப் பிறக்கும் அதே இடத்தில் பிறந்தாலும், ஒலிப்பது மூக்கின் காற்றால் என்று தனியே எடுத்துச் சொல்கிறார். ‘பல்’ என்றும் ‘பள்’ என்றும் மாற்றிச் சொல்லி, நாக்கு என்ன செய்கிறது என்று கவனித்தால் இந்த மனிதரின் கூர்மை விளங்கும். கண்ணாடியும் இல்லை, கருவியும் இல்லை. தன் வாயையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டு எழுதியவர். இந்தப் பகுதியில் குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை.

இரண்டாம் கேள்விதான் வழக்கின் மையம்: ஒலி எங்கே பிறக்கிறது? உயிரெழுத்துப் பன்னிரண்டும் மிடற்றில் பிறந்த காற்றால் ஒலிக்கும் என்கிறார். யகரமும் மிடற்றிலிருந்து எழும் காற்று அண்ணத்தைச் சேர்வதால் பிறக்கும் என்கிறார். இது பெரிய கண்டறிதல். உயிருக்கு வாயில் தடையில்லை. அதன் ஒலி முழுவதும் குரல்வளையின் கொடை. அதை அவர் காது பிடித்துவிட்டது. ஆனால் மிடற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை, அதிர்வதும் இல்லை. நாவுக்கு அத்தனை வினைச்சொல் தந்தவர், மிடற்றுக்கு இடம் மட்டும் தந்தார், வினை தரவில்லை. வல்லெழுத்துக்கு வாயில் ஆறு இடம் சொன்னவர், ‘புளியங்குடி’க்குள் வரும் ‘கு’வுக்கும் ‘குடி’யில் வரும் ‘கு’வுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லவில்லை.

பழங்காலத்தில் இது யாருக்குமே எட்டாத அறிவு என்று சொல்லி அவரைக் காப்பாற்ற முடியாது. வேதத்தை ஓதும் முறைக்காக எழுந்த தைத்திரீயப் பிராதிசாக்கியம், தொண்டை மூடி நின்றால் நாதம், திறந்து நின்றால் மூச்சு, நடுத்தரமாக நின்றால் ஹகரம் என்று தெளிவாகவே பிரிக்கிறது. குரல்வளையைக் கண்ணால் பார்க்காமலே, அதன் திறப்பும் மூடலும்தான் ஒலியைப் பிரிக்கின்றன என்று அவர்கள் கண்டுவிட்டார்கள். தொண்டையைப் பொறுத்தவரை அந்த நூல் பிறப்பியலை முந்தி நிற்கிறது. இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

அவர்கள் பார்த்ததைத் தொல்காப்பியர் ஏன் சொல்லவில்லை? விடை தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது. வடமொழியில் அதிர்வு உள்ள ககரமும் அதிர்வு இல்லாத ககரமும் இரண்டு எழுத்து. ஒன்றை மாற்றி மற்றதைச் சொன்னால் பொருள் மாறிவிடும். தமிழில் அப்படி இல்லை. ‘கு’ எந்த இடத்தில் அதிர வேண்டும், எந்த இடத்தில் கூடாது என்பதைச் சொல்லின் அமைப்பே முடிவுசெய்துவிடுகிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் அதிர்வில்லை. மெல்லெழுத்தின் பின்னும் உயிர்களின் நடுவிலும் அதிர்வு சேரும். இதை ஒரு விதியாக அச்சில் வைத்தவர் நம் பக்கத்துச் சீமையில் வாழ்ந்தவர்தான். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் இருந்த கால்டுவெல், 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் தனிப் பண்பாக இதை எடுத்துக்காட்டினார். பொருளை மாற்றாத ஒலிக்குத் தனி எழுத்து வேண்டாம் என்பது தொல்காப்பியர் நடந்த வழி. எழுத்துக்கு இலக்கணம் சொல்ல வந்தவர் அவர். குரலுக்கு இலக்கணம் சொல்ல வரவில்லை.

இது நான் அவருக்காகக் கட்டும் வாதமில்லை. அவரே இயலின் முடிவில் எல்லை போட்டிருக்கிறார். உள்ளே எழும் காற்றின் இசையை அளந்து கொள்ளும் முறை அந்தணர் மறையில் உண்டு என்றும், அதைத் தாம் இங்கே சொல்லவில்லை, வெளியே வந்து புலப்படும் ஒலியின் அளவை மட்டுமே சொன்னதாகவும் தெரிவித்துவிட்டுத்தான் அவர் இயலை முடிக்கிறார். உள்ளே நடப்பதைப் பேசும் மரபு ஒன்று உண்டு என்று அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்தே விட்டார். தன் நூல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று படிப்பவனிடம் நேராகச் சொல்லும் ஆசிரியரை, சொல்லாததைச் சொன்னதாகப் புகழ்வது அவருடைய நேர்மைக்கு இழைக்கும் அநீதி. அந்தக் கடைசி நூற்பாவைப் படித்தவர் எவரும் அன்றே குரல்வளையைச் சொன்னார் என்று மேடையில் முழங்க மாட்டார்.

அடுத்து, 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல். அவர் ஒரு படி மேலே போய், எழுத்துகளை இடவகையாலேயே பிரித்தார். உயிருக்கும் இடையினத்துக்கும் மிடறு, மெல்லினத்துக்கு மூக்கு, வல்லினத்துக்கு நெஞ்சு, ஆய்தத்துக்குத் தலை. பள்ளித் தமிழ்ப் பாடநூல் இன்றும் கற்பிப்பது இதைத்தான். எனக்கும் இப்படித்தான் வந்தது. ‘க’வை நாக்குத்தானே சொல்கிறது, அது நெஞ்சில் எப்படிப் பிறக்கும் என்று வகுப்பில் எழுந்து கேட்டேன். நூலில் அப்படித்தான் இருக்கிறது, உட்கார் என்றார்கள். அந்தக் கேள்வி வெகுகாலம் என்னோடு இருந்தது.

மார்க்கெட்டில் கழுத்தில் விரல் வைத்தபோதுதான் அது அவிழத் தொடங்கியது. உயிரைச் சொல்லுங்கள், விரல் அதிரும். ய, ர, ல, வ, ழ, ள என்று இடையினம் ஆறையும் இழுத்துச் சொல்லுங்கள், அதிரும். ‘பக்கம்’, ‘தட்டு’, ‘அத்தை’, ‘அப்பம்’ என்று சொல்லி, வல்லெழுத்து இரட்டிக்கும் இடத்தில் கவனியுங்கள். அங்கே விரலுக்குக் கீழே அமைதி. குரல் மடிப்புகள் விலகி நிற்க, நெஞ்சிலிருந்து வந்த காற்று தடைபடாமல் வாய்க்குள் போய் அங்கே அடைபட்டு வெடிக்கிறது. மிடறு என்றும் நெஞ்சு என்றும் பவணந்தி போட்ட கோடு, அதிர்வு உள்ளது என்றும் அதிர்வு இல்லாதது என்றும் இன்றைய ஒலியியல் போடும் கோட்டோடு பெரும்பாலும் பொருந்துகிறது. மிடற்றைத் தொடாமல் நெஞ்சுக் காற்றாக வந்ததை நெஞ்சில் வைத்தார். மிடற்றில் ஒலியாகி வந்ததை மிடற்றில் வைத்தார்.

இந்த இடத்தில் கை தட்டிவிட்டுப் போய்விடலாம் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் நிறுவை சரியாக இருக்க வேண்டும். மூன்று தடைகள் உண்டு. ஒன்று, பவணந்தி காரணம் சொல்லவில்லை. அதிர்வு என்ற கருத்து நூற்பாவில் எங்கும் இல்லை. இரண்டு, ‘புளியங்குடி’யில் வரும் ‘கு’வும் ‘டி’யும் வல்லினமாக இருந்தும் அதிர்கின்றன, அவற்றையும் நெஞ்சில் வைத்தால் பகுப்பு உடைகிறது. மூன்று, ஆய்தத்துக்குத் தலையை இடமாகச் சொல்வதற்கு உடற்கூறில் எந்தப் பிடிமானமும் இல்லை. இன்னும் ஒரு பொறியையும் தாண்ட வேண்டும். குரல்வளையை இயக்கும் இடப்பக்க நரம்பு, மார்புக்குள் இறங்கி இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டுதான் மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. மார்புக்குள் வரும் கட்டி சிலருக்குக் குரல் கம்மலாக முதலில் தெரிவது அதனால்தான். இதைக் காட்டி, நெஞ்சுக்கும் குரலுக்கும் உள்ள தொடர்பை நன்னூல் அறிந்திருந்தது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். இரண்டு செய்தி பக்கத்தில் பக்கத்தில் இருப்பதனால் ஒன்று மற்றதற்குச் சான்றாகிவிடாது. பவணந்தி எழுத்தைச் சரியான பானையில் போட்டார். அந்தப் பானை ஏன் சரி என்பது அவர் காலத்துக்குப் பின்னர் தெரிந்தது.

தலை, நெஞ்சு என்பவை பிறப்பிடமாக எப்படி வந்தன? இதற்கு இசை மரபு வழி காட்டுகிறது. பழைய நிகண்டும் உரையும் ஏழு சுரத்துக்கும் தனித்தனி இடம் சொல்லும்: குரல் மிடற்றில், துத்தம் நாவில், கைக்கிளை அண்ணத்தில், உழை தலையில், இளி நெற்றியில், விளரி நெஞ்சில், தாரம் மூக்கில். உடற்கூற்றின்படி இது பொருந்தாது. ஏழும் ஒரே மடிப்பில்தான் பிறக்கின்றன. வளையத்துக்கும் கேடயத்துக்கும் நடுவே உள்ள ஒரு தசை மடிப்பை இழுத்து நீட்ட நீட்டச் சுரம் ஏறுகிறது. ஆனால் பாடுகிறவரைக் கேளுங்கள். கீழ்ச்சுரத்தில் நெஞ்சு அதிர்வதையும் மேலே போகப் போக மண்டைக்குள் ஒலி நிறைவதையும் சொல்வார். ஐரோப்பியப் பாடகர்களும் நெஞ்சுக் குரல், தலைக் குரல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எலும்பு வழியாக அதிர்வு எங்கே உணரப்படுகிறதோ அதைப் பிறந்த இடம் என்று கொண்டார்கள். அந்த உணர்வு மெய்யானது, அதைப் பிறப்பிடம் என்றதுதான் பிழை.

புளியங்குடிக்குத் தெற்கே இதே மலையடிவாரத்துச் செங்கோட்டையில் 1906-இல் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. மேடையில் உச்சத்துக்குப் போய் நின்ற அந்தக் குரலை, அவர் 27 வயதில் 1933-இல் மறைந்த பின்னும் நாடக உலகம் மறக்கவில்லை. பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்கள் சிறுவர்களின் ‘மகரக்கட்டு’ உடையும் பருவத்தை அஞ்சினார்கள். குரல் போனால் வேடம் போய்விடும். அங்கே உடைவது ஒன்றுமில்லை. கேடயக் குருத்தெலும்பு முன்னோக்கி வளர, மடிப்பு நீண்டு தடிக்கிறது. ஐந்து கட்டையில் நொடிக்கு 196 அதிர்வில் ஆதார சட்ஜம் வைத்தவன், ஒரு கட்டையில் 130 அளவுக்கு இறங்குகிறான். மலையடிவாரத்துப் பையனுக்கு மீசை அரும்பும் வயதில் ஏன் குரல் கரகரக்கிறது என்ற கேள்விக்கு எந்த இலக்கணமும் விடை சொல்லாது. குரல்வளையின் படம் ஒன்று போதும், சொல்லிவிடும்.

இதே நிறுவையில் இன்றைய அறிவியல் தமிழையும் ஏற்றியாக வேண்டும். பாடநூலிலும் மருத்துவக் கட்டுரையிலும் ‘குரல் நாண்’ என்றே எழுதுகிறோம். நாண் என்றால் வில்லின் கயிறு. இது ஃபெரேன் 1741-இல் செய்த ஒப்புமையின் மொழிபெயர்ப்பு. அந்த ஒப்புமை பொருந்தாது என்று தெரிந்து மருத்துவ உலகமே இன்று ‘மடிப்பு’ என்ற சொல்லுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. தந்தி இரண்டு முனையில் கட்டி, நடுவில் எதையும் தொடாமல் நிற்கும். குரல் மடிப்போ பக்கச் சுவரோடு ஒட்டிய சதை. உள்ளே தசை, மேலே கூழ் போன்ற மென்படலம். அந்தப் படலம் அலையலையாகப் புரள்வதுதான் குரல். நம் இசை மரபு கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்று ஐந்தாகப் பிரித்தபோது, மிடற்றை நரம்புக் கருவியோடும் சேர்க்கவில்லை, துளைக் கருவியோடும் சேர்க்கவில்லை, தனியே வைத்தது. காரணம் சொல்லாத பகுப்புத்தான். ஆனாலும் கடன் வாங்கிய நாணைவிட அதுவே உண்மைக்கு அருகில் இருக்கிறது. இந்தச் சொல்லை நாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஏலக்காரர் குடித்த அந்த மிடறு தண்ணீருக்கு இப்போது வருகிறேன். குரல்வளை முதலில் குரலுக்காக ஏற்பட்ட உறுப்பில்லை. உணவும் நீரும் மூச்சுக்குழலுக்குள் போய்விடாமல் காக்கும் காவல் கதவு அது. விழுங்கும்போது குரல்வளை முழுதும் மேலே ஏறி நாவின் அடியில் ஒதுங்குகிறது, குரல்வளை மூடி மடங்கிச் சாய்கிறது, மடிப்புகள் இறுக மூடுகின்றன. காவல் தவறினால் புரையேறுகிறது. பாரம் தூக்கும்போதும் இதே கதவை அடைத்துத்தான் நெஞ்சில் காற்றைப் பிடித்து நிறுத்துகிறோம். எலுமிச்சை மூட்டையைத் தோளில் ஏற்றும் நொடியில் சுமைதூக்குபவர் பேச மாட்டார், பேசவும் முடியாது. பேச்சு இந்தக் கதவின் விளிம்பில் பின்னாளில் ஏறிக்கொண்ட வேலை. விழுங்கும் அளவுக்கும் குரல் பிறக்கும் இடத்துக்கும் ‘மிடறு’ என்று ஒரே சொல்லை வைத்த மொழி, இந்த இரட்டைத் தொழிலைத் தன்னிடமே வைத்திருக்கிறது. நஞ்சை விழுங்கவும் விடாமல் உமிழவும் விடாமல் மிடற்றில் நிறுத்தினார் என்று இறைவனுக்குக் கறைமிடற்றண்ணல் எனப் பெயர் வைத்தவர்கள், அந்த இடம் ஒரு கதவு என்பதை உணர்ந்தவர்கள். பிறப்பியல் இந்தத் தொழிலைப் பேசவில்லை. பேச வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

இனித் தீர்ப்பு. வாயின் இலக்கணமாகத் தொல்காப்பியரின் பிறப்பியல் ஒப்பற்ற நூல். நாவின் அசைவை இவ்வளவு சுருங்கிய சொல்லில், இவ்வளவு சரியாகச் சொன்ன நூலைக் காண்பது அரிது. தொண்டையின் இலக்கணமாக அது முழுமையானதல்ல. உயிருக்கும் யகரத்துக்கும் மிடற்றைக் காட்டிவிட்டு, உள்ளே போகாமல் வாசலில் நின்றது. நின்றதைத் தானே சொல்லியும் விட்டது. நன்னூல் அதே வாசலில் இன்னும் ஓர் அடி வைத்தது. வைத்த அடி சரியான திசையில் இருந்தாலும் ஏன் என்று அதற்குத் தெரியவில்லை. எனவே அன்றே எல்லாம் சொல்லியாயிற்று என்பது பொய். ஒன்றும் தெரியாதவர்கள் என்பது அதைவிடப் பெரிய பொய். தன் வாயைத் தானே கவனித்து எழுதிய மனிதரை மனப்பாடக்காரர் என்று ஒதுக்குகிறது.

குற்றம் பழைய நூலில் இல்லை, அதை இன்று கற்பிக்கும் முறையில் இருக்கிறது என்பது என் முடிவு. தமிழ் வகுப்பில் எழுத்து மிடற்றில் பிறக்கிறது என்று படிக்கிறான் பையன். அந்த மிடறு எப்படி இருக்கும் என்று யாரும் காட்டுவதில்லை. அறிவியல் வகுப்பில் மூச்சு மண்டலத்தின் நடுவே குரல்வளையைப் படமாக வரைகிறான். தான் பேசும் தமிழ் அங்கேதான் பிறக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு பாடமும் ஒரே கழுத்தைப் பற்றியவை. எழுத்துகளின் பிறப்பு நடக்கும் நாளில் குரல்வளைப் படம் ஒன்றைக் கரும்பலகையில் மாட்டுங்கள். தொல்காப்பியர் தம் வாயைக் கவனித்ததைப் போலப் பிள்ளைகளும் தங்கள் கழுத்தைக் கவனிக்கட்டும். நெஞ்சில் வல்லினம் எப்படிப் பிறக்கும் என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், உட்கார் என்று சொல்ல வேண்டாம். சங்கில் இரண்டு விரலை வைக்கச் சொல்லிவிட்டு, ஊர்ப் பெயரை ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். ‘பு’வில் தொடங்கி ‘டி’யில் முடிவதற்குள், நூலாசிரியர்கள் கண்டதும் காணாமல் விட்டதும் அந்த விரலுக்கே தெரிந்துவிடும்.